நசீப் கவுர் தேடிய ஏழு பெயர்கள்

என் ஓரகத்தி நசீப் கவுர் மணப்பெண்ணாக எங்கள் ஊர் பூரேவாலுக்கு வந்த அன்று, வாசலில் மாமியார் எங்கள் வழக்கப்படி தண்ணீர்ச் சொம்பை அவள் தலையைச் சுற்றிக் குடிக்கப் போனபோது, முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்ததாம்: “இந்தத் தண்ணி எந்தக் கிணத்துதுங்க?”

கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் சொம்பும் கையுமாக நின்று, “ஏம்மா, உப்புக் கரிக்குமோன்னு பயமா? குடிக்கப்போறது நானு,” என்று கேட்க, “இல்லங்க, சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்,” என்றிருக்கிறாள். கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அதே வீட்டுக்குச் சின்ன மருமகளாக நான் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்திருந்தார்கள். குணம் அப்படியே இருந்தது. ரேடியோ நின்றுபோனால் மற்றவர்கள் தலையில் தட்டுவோம். அவள் முதுகைக் கழற்றி உள்ளே பார்ப்பாள். பாட்டு வராது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், முகம் மலர்ந்துவிடும். ஜக்ராவ் பஸ்ஸில் ஒரு தடவை நடத்துநரிடம், “தம்பி, உன் சட்டையில ஒரு பொத்தான் மட்டும் ஏன் சிவப்பு?” என்று கேட்டாள். நாங்கள் இறங்குவதற்குள் அவன் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனதும், அதற்கு அவன் அக்காதான் காரணம் என்பதும் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எழுபத்துமூன்றாம் வருஷம், கரும்பு முற்றிக்கொண்டிருந்த சமயம், பஞ்சாயத்து எங்கள் ஊர் வாயிலுக்கு வெள்ளையடித்தது. செங்கல் வளைவும் அதன் இரண்டு பக்கமும் மேடையுமாக இருக்கும் பழைய வாயில். அந்த மேடைகளில் கிழவர்கள் சீட்டாடுவார்கள். அதனால் மருமகள்களாகிய நாங்கள் முக்காட்டை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுவோம். சுவரில் ஒரு கல் பதித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. வெள்ளையடித்தவன் அதன்மேல் பட்ட சுண்ணாம்பைத் துடைத்தபோது பல வருஷத்துப் புழுதியும் சேர்ந்து போய்விட்டது.

எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். தலையில் சுமையோடு நசீப் வாயிலின் நடுவில் நின்றுவிட்டாள். மெல்லிய மல்துணி முக்காட்டுக்குள்ளிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர்கள் ஐம்பத்துமூன்று பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் ஏழு பேர் என்று இருந்தது. வருஷம் 1914 முதல் 1919 வரை. அவ்வளவுதான்.

“யாரு மிந்தோ இந்த ஏழு பேரு?”

“அக்கா, நட. பெரியவங்க பாக்குறாங்க.”

“பாத்தா பாக்கட்டும். ஒரு பேருகூட இல்லியே. எண்ணுனவன் பேரைக் கேக்காமலா எண்ணுனான்? ஆடு மாட்டை எண்ணுனாக்கூட கறுப்பு, செவலைன்னு சொல்லுவோம்.”

அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கேட்டாள். மாமியார், “வெள்ளைக்காரன் வச்ச கல்லு. சீமைக்குப் போயி அவனைக் கேளு. போறப்ப எருமையையும் ஓட்டிட்டுப் போ, பால் கறக்க இங்க ஆள் இல்ல,” என்றார். அவள் கணவரான என் மூத்தார் வழக்கம்போல ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். என் கணவர் ஜக்தார் மட்டும் அண்ணிக்காக வாயிலில் போய்க் கிழவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தார். எங்கள் ஊரில் பட்டாளம் புதிதில்லை. முந்தின போர்களுக்கும் ஆள் போயிருக்கிறது, வங்கப் போருக்கும் போனது. ஆகவே கிழவர்கள் நிறையப் பேசினார்களாம். பதக்கம் வாங்கியவன் யார், கால்வாய்ப் பக்கம் நிலம் பெற்றவன் யார், பிரான்சு தேசத்தில் பனியில் விரல் போனவன் யார் என்று எல்லாம் சொன்னார்கள். செத்தவர்களைக் கேட்டால், “யாரோ போனாங்கப்பா, வரல,” என்று சீட்டைக் கலைத்துவிட்டார்கள்.

நசீப் அன்று மாவு பிசைந்துகொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “ஆம்பளைங்க நிலத்தை வச்சுத்தான் ஆளை ஞாபகம் வச்சுப்பாங்க. செத்தவனுக்கு ஏது நிலம்? அவன் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்திருப்பா இல்ல? அவ என்ன ஆனான்னு கேப்போம். அதைப் பொம்பளைங்க மறக்கவே மாட்டாங்க.”

எங்கள் தெருவுக்குப் பொதுவாக ஒரு தந்தூர் அடுப்பு இருந்தது. சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் மாவுத் தட்டோடு கூடி ரொட்டி சுடுவோம். அங்கே முக்காடு கிடையாது, நாக்குக்குக் கட்டும் கிடையாது. நசீப் அங்கே கேட்டாள்: “உங்க வீட்ல யாராவது ரொம்ப காலத்துக்கு முன்னால, பட்டாளத்துப் புருசன் போயி, கொழுந்தனுக்குக் கட்டிக்கொடுத்தவங்க இருந்தாங்களா?”

அடுப்பில் ரொட்டி கருகியது. அவ்வளவு பேச்சு. எங்கள் பக்கத்தில் கணவன் இறந்தால் கொழுந்தன் மேல்துணி போர்த்தி அவளை ஏற்றுக்கொள்வது வழக்கம். பிறகு பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் கொழுந்தனின் பிள்ளைகள். முதல் கணவனின் பெயரை எடுக்கவே வேண்டியதில்லாமல் போய்விடும். அப்படிப் போர்த்திய துணிகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த மாதம் முழுக்க அவள் ஆள் தேடினாள். ஒரு வீட்டில் மஹங்கா சிங் கிடைத்தார். இன்னொரு வீட்டில் சௌதாகர் சிங். உஜாகர் சிங் என்பவரின் பேரன் மகள் எங்கள் தந்தூருக்கே ரொட்டி சுட வருகிறவள். தன் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரியும். வசாவா சிங்கின் மனைவி துணி போர்த்திக்கொள்ள மறுத்துத் தாய்வீட்டுக்கு நடந்தே போய்விட்டாளாம். அந்தப் பிடிவாதத்தால்தான் அவர் பெயர் நிலைத்தது.

கொழுந்தனே இல்லாததால் தனியாகவே வாழ்ந்துவிட்டவர் பசந்த் கவுர் அம்மா. ஊரின் கிழக்குக் கோடியில் ஒற்றை அறையில் பஞ்சு நூற்றுக்கொண்டு இருந்தார். நானும் நசீப்பும் வெல்லமும் மாவும் எடுத்துக்கொண்டு போனோம். கண்ணில் பூ விழுந்திருந்தது, ஆனால் கை ராட்டையை விடவில்லை.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?”

பொக்கை வாயால் சிரித்தார். “புருசன் பேரை எவளாவது சொல்லுவாளா? ஆயுசு கொறையும்.”

“அவருதான் போயிட்டாரே அம்மா.”

“அதுக்காக? போன இடத்துல நல்லா இருக்க வேணாமா?” என்றவர், வாசலில் இருந்த செண்டுமல்லிச் செடியைக் காட்டினார். எங்கள் பேச்சில் செண்டுமல்லிக்குக் கேந்தா என்று பெயர். கேந்தா சிங்.

“பாக்க எப்படி இருப்பாரு?” என்று நசீப் கேட்டாள்.

ராட்டை நின்றது. “இதை யாருமே கேட்டதில்லயே,” என்றார் கிழவி. “முகம் பாக்கல மகளே. கல்யாணமாகி ஒரு மாசம்கூட இல்ல, நான் பதினஞ்சு வயசுக்காரி, முக்காடு. வீடு நெறைய ஆளு. காலைத்தான் பாத்தேன். இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல ஏறி உக்காந்திருக்கும். வாசல்ல செருப்பு கெடந்தாலே அவரோடதுன்னு கண்டுபுடிப்பேன், அந்த எடத்துல தேஞ்சிருக்கும். பூட்ஸ் போட்டு நடக்க வலிச்சிருக்குமோ என்னவோ.”

திரும்பி வரும் வழியெல்லாம் நசீப் தன் கால்களையே பார்த்து நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, “அந்த விரலுக்கு வலிச்சிருக்கும்தான், இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

ஆறாவது பெயர் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே இருந்தவர்களும் சீக்கியர்கள்தான், தலைப்பாகையும் வாளும் அதேதான். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் போய் உட்கார மாட்டார்கள், அவர்களும் எங்கள் தந்தூருக்கு வர மாட்டார்கள். நசீப் ஒரு நாள் மத்தியானம் போய், அவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ரூர் சிங் என்ற பெயரோடு திரும்பினாள். பாலம் போடுகிற, பாதை வெட்டுகிற படையில் இருந்தவராம். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார்: “மோர் எப்படி இருந்துச்சு?”

“நம்மளதைவிடக் கெட்டி.”

“உன் வாய்க்கு எருமைச் சாணி,” என்றார் மாமியார்.

ஆறோடு நின்றுபோனது. தை போய் மாசி வந்துவிட்டது; ஏழாவது ஆள் மனைவியே இல்லாதவனாக இருந்திருப்பான், அதனால் தன் வழியில் சிக்க மாட்டான் என்று நசீப் புரிந்துகொண்டாள். ஆனால் விட மனமில்லை. தந்தூரில் அவளைக் கண்டாலே பெண்கள், “எங்க வீட்ல செத்தவங்க தீந்து போச்சு, அடுத்த வீட்டுக்குப் போ,” என்று கேலி பேச ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டில் உறைமோர் கெட்டுப்போன ஒரு காலையில், நாங்கள் இருவரும் இந்தர் சிங் தாத்தா வீட்டுக்குப் போனோம். அவர் மருமகள் சிந்தோ மோர்ப்பானையின் மூடியை எடுத்துத் தரையில் வைத்தாள். கையகலத்துக்கு மேல் இருக்கும் வட்டமான வெண்கலத் தட்டு. நசீப்பின் கண் அதில் ஒட்டிக்கொண்டது. கையில் எடுத்து முக்காட்டு நுனியால் துடைத்தாள். தலைக்கவசம் போட்ட ஒரு பெண், பக்கத்தில் சிங்கம், சுற்றிலும் ஆங்கில எழுத்து.

“சிந்தோ, இது மூடி மாதிரி இல்லியே.”

“எங்க மாமியார் காலத்துலேருந்து இதான் மூடி. அதுக்கு முன்னால அவங்க மாமியாருக்கும் இதான் மூடி. பானை எத்தனையோ ஒடைஞ்சிருக்கு, இது ஒடையல.”

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பெண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் புடைப்பாக இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். கேஹர் சிங்.

“உங்க வீட்ல கேஹர் சிங்னு யாரு?” என்று நசீப் கேட்டாள்.

“யாரும் இல்லக்கா. மாமனார் இந்தர் சிங், எங்க வீட்டுக்காரர் முக்தியார் சிங். வேற ஆம்பளையே இந்த வீட்ல இல்ல.”

உறைமோரை மறந்து இருவரும் நேராகக் கரும்பு ஆலைக்குப் போனோம். இந்தர் சிங் தாத்தா அப்போது எண்பதைத் தாண்டியவர். ஊர்க்கிழவர்களோடு வாயிலில் சீட்டாட உட்கார்ந்ததே கிடையாது. ஆலையிலும் வயலிலும் தனியாக இருப்பார். அன்றைக்கு அடுப்புக் குழியின் முன் குந்திக்கொண்டு, காய்ந்த சக்கையை நெருப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். மேலே கொப்பரையில் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. மகன் கரும்பு வெட்டப் போயிருந்தான்.

ஊரின் மருமகள் ஊர்ப் பெரியவரிடம் நேரடியாகப் பேசுவது முறையில்லை. நசீப் அதற்கும் வழி வைத்திருந்தாள். அவிழ்த்துக் கட்டியிருந்த செக்குமாட்டின் பக்கத்தில் போய் நின்று, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் நெற்றியைத் தடவினாள்.

“ஏ மாடே, நீ வயசானவன். நெறையப் பாத்திருப்ப. நம்ம ஊர்ல கேஹர் சிங்னு ஒருத்தர் இருந்தாராமே, உனக்குத் தெரியுமா?”

சக்கை தள்ளிய கை நின்றது. பிறகு மறுபடி தள்ளியது. “மாட்டுக்கு அந்தப் பேரு தெரியாது,” என்றார் தாத்தா நெருப்பைப் பார்த்து.

“தெரியாதா மாடே? உங்க வீட்டு மோர்ப்பானைய அந்தப் பேருதானே மூடிக்கிட்டு கெடக்குது? எப்படிடா அதுன்னுதான் கேக்குறேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முக்காட்டைக் கடித்துக்கொண்டேன். தாத்தா திரும்பிப் பார்த்தார். “யாரு வீட்டு மருமக நீ?”

மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்பதால் நசீப் மாட்டிடம் எங்கள் வீட்டு அடையாளத்தைச் சொன்னாள்.

“தண்ணி எந்தக் கிணத்துதுன்னு கேட்டவளா!” தாத்தாவின் தாடி குலுங்கியது. சிரித்து முடித்த பிறகு இன்னொரு பிடி சக்கையை நெருப்புக்குள் தள்ளினார். “எதுக்குக் கேக்குற?”

வாயில் கல்லையும், ஏழு என்ற எண்ணையும், கிடைத்த ஆறு பேரையும் பற்றி அவள் மாட்டிடம் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் தாத்தா தலையசைத்தார். சௌதாகர் சிங் என்றபோது, “கபடியில மூச்சு விடவே மாட்டான்,” என்று தனக்குள் சொன்னார்.

பிறகு, “முக்காட்டைத் தூக்கு மகளே,” என்றார். “இதை நான் யாருக்கும் சொன்னதில்ல, பெத்த மகனுக்குக்கூட. துணிகிட்டயும் மாட்டுகிட்டயும் சொல்ல முடியாது. மொகம் வேணும்.”

நசீப் தூக்கினாள். ஊர்ப் பெரியவர் முன் ஒரு மருமகள் முகம் திறந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கேஹர் சிங் நான்தான்,” என்றார்.

ஆள் பிடிக்கிற அதிகாரிகள் வீட்டுக்கொரு ஆள் என்று எழுதிக்கொண்டு போன காலம் அது. அவர்கள் வீட்டில் எழுதிக்கொண்டு போனது மூத்தவர் கேஹர் சிங்கின் பெயரை. அவருக்குக் கல்யாணமாகி மனைவி முழுகாமல் இருந்தாள். போகத் தயாராகத்தான் இருந்தார். போவதற்கு முன் வீட்டுக்கு ஒரு உழவுமாடு வாங்கி வைத்துவிடலாம் என்று சந்தைக்குப் போனார். மாட்டோடு திரும்பியபோது தம்பி இந்தர் சிங் வீட்டில் இல்லை. மீசை அரும்பாத பையன். ‘கேஹர் சிங் நான்தான்’ என்று சொல்லிக்கொண்டு ஆள் பிடிப்பவர்களோடு நடந்துவிட்டிருந்தான். இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உடம்பைப் பெரிதாகக் காட்டினானாம்.

“எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மாட்டைக் கட்டக்கூட இல்ல, அப்படியே ஓடுனேன். லூதியானாவுல வேலிக்குள்ள வரிசையா நிக்க வச்சிருக்காங்க. இவன் நிக்கிறான். டேய்ன்னு கத்துனேன். என்னைப் பாத்தான். பாத்துட்டு, தெரியாத ஆளைப் பாக்குற மாதிரி மொகத்தைத் திருப்பிக்கிட்டான். ஹவில்தார் வந்து, ‘யாருடா அது, உனக்கு வேண்டியவனா?’ன்னு கேட்டாரு. அதுக்கு என் தம்பி சொல்றான், ‘எங்க ஊரு ஆளுங்க. பேரு இந்தர்.’”

சாறு பொங்கி வழியப் போனது. நான் எழுந்து துடுப்பால் நுரையைத் தள்ளினேன்.

“நான் வாயத் தொறந்தா ஆள்மாறாட்டம்னு ரெண்டு பேரையும் உள்ள போடுவாங்க. திரும்பி வந்தேன். எங்கம்மா வாசல்லயே சொன்னா, ‘அவன் வர்ற வரைக்கும் நீதான் இந்தரு.’ ஊருக்கே தெரியும். ஒருத்தரும் மூச்சு விடல. அவன் வந்ததும் மாத்திக்கலாம்னு இருந்தோம்.”

“வரல,” என்றாள் நசீப்.

“பாக்தாது போற பக்கம், ஆத்தங்கரை. கூட இருந்த பக்கத்து ஊர்க்காரன் வந்து சொன்னான். ரெண்டு பக்கமும் சுட்டுக்கிட்டு இருக்கு, நடுவுல அடிபட்டவன் எல்லாம் தண்ணி தண்ணின்னு கத்துறான். இவன் தோல்பையில தண்ணி எடுத்துக்கிட்டுப் போவானாம், வருவானாம், திரும்பப் போவானாம். நம்ம ஆளு, வெள்ளைக்காரன், எதிராளின்னு பாக்கலியாம். கடைசியா ஒரு தடவை போனப்ப, போதும் வாடான்னு பின்னாலேருந்து ‘கேஹர், கேஹர்’னு கூப்பிட்டிருக்காங்க. திரும்பல. அவன் எப்பவுமே கூப்பிட்டாத் திரும்ப மாட்டானாம். காது மந்தம்னு நெனச்சிருக்காங்க.” தாத்தா சக்கையைக் கையில் பிடித்தபடி இருந்தார். “காது மந்தமில்ல மகளே. அது அவன் பேரு இல்ல, அவ்வளவுதான்.”

போர் முடிந்து, இறந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் சர்க்கார் அனுப்பிய வெண்கலத் தட்டு வந்தது, உயிரோடு இருப்பவரின் பெயரைத் தாங்கிக்கொண்டு. அதைச் சுவரில் மாட்ட அவர் அம்மாவுக்குப் பயம். தூக்கிப் போடவும் மனமில்லை, சின்ன மகனுக்கென்று வந்தது அது ஒன்றுதான். தினம் கை படும் இடத்தில் இருக்கட்டும் என்று மோர்ப்பானை மேல் வைத்துவிட்டார். தாத்தாவுக்குத் தம்பியின் பெயரே நிலைத்துவிட்டது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

“அப்ப ஏழாவது பேரு இந்தர் சிங்,” என்றாள் நசீப்.

“இந்தர் சிங்,” என்றார் அவர்.

ஏழு பெயரையும் கல்லுக்குக் கீழே எழுத வேண்டும் என்று அவள் விரும்பினாள். தாத்தாவுக்கும் சம்மதம். அங்கேதான் வில்லங்கம் வந்தது. மறுநாள் முக்தியார் எங்கள் வாசலில் வந்து கத்தினான்.

“அண்ணே, உங்க வீட்டுப் பொம்பளையக் கட்டி வைங்க! எங்க நிலம் பூராவும் இந்தர் சிங் பேர்ல இருக்கு. இந்தர் சிங் அம்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாலேயே செத்துட்டான்னு ஊர்வாசல்ல எழுதி வச்சா, நாளைக்கு என் பங்காளி கோர்ட்டுக்குப் போவான். அப்புறம் நான் யாரு மகன்?”

மூத்தார் ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் பேசி நான் கேட்டது அபூர்வம். “உங்கப்பா என்ன சொல்றாரு?”

“அவருக்கென்ன! திடீர்னு பேரு மாறிட்ட சந்தோசத்துல வெல்லத்தைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்காரு. கூப்பிட்டா, ‘எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட?’ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு.”

நசீப் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். “எழுத வேணாம் கொழுந்தனாரே. எழுதுனாத்தானே கோர்ட்டு? குருத்துவாராவுல பாயி அர்தாஸ் சொல்றப்ப ஏழு பேரையும் வாயால சொல்லட்டும். வேண்டுதலைக் கேக்கக் கணக்குப்பிள்ளை வருவாரா?”

முக்தியார் யோசித்தான். கோபம் இறங்குவது தெரிந்தது. “வாயாலன்னா சரி,” என்றான். “ஆனா நல்லா விசாரிச்சுட்டுச் சொல்லுங்க. இன்னும் எவன் எவன் பேரு மாத்தி வச்சிருக்கானோ.”

சித்திரைப் பிறப்பில் வரும் பைசாகித் திருநாள் அன்று அப்படியே நடந்தது. குளத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் வந்து ஒரே விரிப்பில் உட்கார்ந்தார்கள். ரூர் சிங்கின் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் கைகூப்பி எழுந்து நின்றோம். கிரந்தம் ஓதும் பாயி பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு பெயர் ஆனதும் நிறுத்தினார். ஏழாவதைத் தானே சொல்வதாகத் தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். “என் தம்பி இந்தர் சிங்,” என்றார். தடுமாற்றமே இல்லை, வயலில் ஆளைக் கூப்பிடுகிற குரல்.

பெண்கள் பக்கத்தில் பசந்த் கவுர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் என் காதில், “சொல்லிட்டாரா?” என்றார்.

“சொல்லிட்டாரு அம்மா. கேந்தா சிங்னு சொன்னாரு.”

“எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த குளிரில் தாத்தா போய்ச் சேர்ந்தார். அவருக்கான அர்தாசில் எந்தப் பெயரைச் சொல்வது என்று பாயி தயங்கியபோது, கூட்டத்தின் நடுவிலிருந்து முக்தியாரே, “கேஹர் சிங்னு சொல்லுங்க,” என்றான். நிலம் அதற்குள் அவன் பெயருக்கு மாறிவிட்டிருந்தது.

சில வருஷம் கழித்து என் கணவர் ஈராக்குக்கு லாரி ஓட்டப் போனார். எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போன சமயம். எல்லோரும் அவரிடம் டேப் ரிக்கார்டர் கேட்டார்கள், கம்பளி கேட்டார்கள். நசீப் மட்டும், “பாக்தாது பக்கம் அந்த ஆறு எவ்வளவு அகலம்னு பாத்துட்டு வா. அப்புறம், நம்ம ஆளுங்களுக்கு அங்க ஏதாவது கல்லு இருக்கான்னு விசாரி,” என்றாள்.

முதல் விடுமுறையில் வந்தவர் பெட்டியைத் திறப்பதற்குள் அவள் மணைக்கட்டையைப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“இருக்கு அண்ணி. பஸ்ரா துறைமுகத்துக்குப் பக்கத்துல, பேரீச்ச மரமெல்லாம் தாண்டி, நீளமா ஒரு கல்சுவரு. கூட இருந்த கேரளத்துக்காரரு படிச்சுச் சொன்னாரு. வெள்ளைக்காரங்களுக்கு வரிசையா பேரு. நம்ம ஆளுங்கள்ல அதிகாரிங்களுக்கு மட்டும் பேரு. மத்தவங்களுக்குப் படையோட பேரைப் போட்டு, ‘மேலும் இத்தனை சிப்பாய்கள்’னு இருக்கு.”

“அங்கயும் எண்ணிக்கைதானா?”

“அங்கயும் எண்ணிக்கைதான்.”

அவள் முகம் சிறுத்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டாள். ஜக்தார் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “நான் ஒண்ணு செஞ்சேன் அண்ணி. சிரிக்கக் கூடாது. சுவரு முன்னால நின்னு, நம்ம ஏழு பேரு பேரையும் சத்தமாச் சொன்னேன். ரூர் சிங் எந்தப் பக்கம் போனாரு, கேந்தா சிங் எங்க விழுந்தாருன்னு தெரியாது. இருந்தாலும் எல்லாத்தையும் சொன்னேன். இந்தர் சிங்கை ரெண்டு தரம் சொன்னேன், இந்தர்னே சொன்னேன். அங்க காவல் இருந்த அரபுக் கிழவன் பக்கத்துல வந்து நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான்.”

நசீப் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே வேறு ஒரு வெளிச்சம் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

“கேட்டானா? கேட்டுட்டு என்ன சொன்னான்?”

“என்னமோ சொன்னான். அரபி எனக்கு எங்க புரியுது? நெஞ்சுல கை வச்சுக்கிட்டான்.”

“புரியலன்னா யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்க வேணாமா? அவன் பேரு என்ன? எத்தனை வருசமா அங்க காவலிருக்கான்? அவங்க அப்பன் தாத்தன் காலத்துல அந்தச் சண்டையைப் பாத்தவங்க இருப்பாங்கல்ல?”

“அண்ணி, நான் இன்னும் தண்ணிகூடக் குடிக்கல.”

“மிந்தோ, கொழுந்தனாருக்குத் தண்ணி கொண்டு வா,” என்று என்னை விரட்டிவிட்டு, மணையை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “திரும்பிப் போறப்ப மொத வேலையா அவனைப் போயிப் பாரு. சரி, இப்பச் சொல்லு. ஆறு எவ்வளவு அகலம்?”